ரெசின் நகை பகையாவது ஏன்?

கண்ணாடி போலப் பளபளக்கும் ஒரு பதக்கம்; அதனுள்ளே என்றும் வாடாத ஒரு சிறு பூ. கைவினைக் கண்காட்சிகளிலும் பரிசுப் பொருள் கடைகளிலும் இத்தகைய நகைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்களில் சிலர் செய்தும் பார்த்திருக்கலாம். இரண்டு புட்டிகளில் உள்ள திரவங்களைக் கலந்து அச்சில் ஊற்றி வைத்தால் மறுநாள் நகை தயார்!

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவி ஒருத்தி இவ்வாறு இரண்டு பதக்கங்கள் செய்தாள். ஒன்றைத் தான் அணிந்துகொண்டு, மற்றதைத் தோழிக்குப் பரிசாக அளித்தாள். பத்துப் பன்னிரண்டு நாட்கள் வரை இருவருக்கும் ஒன்றும் நேரவில்லை. பிறகு தோழியின் கழுத்துக்குழிக்குக் கீழே, பதக்கம் படும் இடத்தில் மட்டும், தோல் சிவந்து அரிப்பெடுத்தது. சிறு கொப்புளங்களும் தோன்றின. சங்கிலி பட்ட இடங்களில் ஒன்றுமில்லை. பதக்கத்தைக் கழற்றியதும் புண் ஆறிற்று. மீண்டும் அணிந்தபோது இரண்டே நாளில் அரிப்பு வந்துவிட்டது. தோல் மருத்துவர் சோதித்துவிட்டு, எபாக்சி ரெசினே காரணம் என்றார்.

"ஒரே புட்டியில் எடுத்த ரெசின்தானே, சார்! என்னுடையது ஒன்றும் செய்யவில்லையே. அவளுடையது மட்டும் ஏன் இப்படி?" என்று அந்த மாணவி என்னிடம் கேட்டாள்.

நல்ல கேள்வி. உடலுக்கு உடல் இயல்பு வேறுபடும் என்பது உண்மைதான். ஆயினும் அந்த இரு பதக்கங்களுமே ஒன்றுபோல் இல்லை என்பது விசாரித்தபின் தெரிந்தது. அதைப் புரிந்துகொள்ள, முதலில் புட்டிகளைத் திறந்து பார்ப்போம்.

புட்டிகளில் இருப்பது என்ன?

முதற்புட்டியில் இருப்பது எபாக்சி ரெசின். 1930களில் சுவிட்சர்லாந்து நாட்டின் பியர் காஸ்தான் என்ற வேதியியலார், செயற்கைப் பல் கட்டுவதற்கு ஏற்ற ஒரு பொருளைத் தேடியபோது இவ்வகை ரெசினை உருவாக்கினார். உடைந்த பொருள்களை ஒட்ட நம் வீடுகளில் பயன்படும் இரட்டைக்குழாய்ப் பசையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இந்த ரெசினின் முக்கிய மூலக்கூறுக்கு எடை 340. அதன் இரு முனைகளிலும் இரண்டு கரி அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த முக்கோண வளையம் ஒவ்வொன்று உண்டு. கரி அணுவின் ஒற்றைப் பிணைப்புகளுக்கிடையே இயல்பாக 109 பாகை அளவு கோணம் இருக்கும். இந்த வளையத்திலோ அது 60 பாகை அளவுக்குக் குறுக்கப்பட்டுள்ளது. அழுத்தி வைத்த சுருள்வில்லைப் போல, திறந்துகொள்ள வாய்ப்பு எப்போது வரும் என்று வளையம் காத்திருக்கிறது.

அந்த வாய்ப்பைத் தருவது இரண்டாம் புட்டியிலுள்ள ஹார்ட்னர். இது பெரும்பாலும் அமீன் வகைச் சேர்மம். நைட்ரஜனோடு சேர்ந்த ஹைட்ரஜன் அணு ஒவ்வொன்றும் ஒரு வளையத்தைத் திறந்து அதனோடு பிணைந்துகொள்ளும். உவமையாகச் சொன்னால், ரெசின் மூலக்கூறுக்கு இரண்டு கைகள். ஹார்ட்னர் மூலக்கூறுக்கு அதைவிட அதிகக் கைகள். எல்லாரும் கைகோத்து முடித்ததும் நாற்புறமும் பின்னிய வலை ஒன்று உருவாகிறது. அப்போது பதக்கம் முழுவதும் ஒரே ஒரு மாபெரும் மூலக்கூறு எனலாம்! நுண்ணோக்கிக்கும் எட்டாத மூலக்கூறு ஒன்றைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட முடிகிறதென்றால் வியப்பாக இல்லையா?

தோலின் காவலைக் கடப்பது எது?

நம் தோலின் மேலடுக்கு நல்லதொரு காவல் சுவர். மூலக்கூறு எடை ஏறத்தாழ 500க்கு மேற்பட்ட பொருள்கள் அதனை ஊடுருவுவது அரிது. ரெசின் மூலக்கூறின் எடை 340 என்று பார்த்தோம். எனவே தனித்து நிற்கும் ரெசின் மூலக்கூறு தோலுக்குள் நுழைந்துவிடும். வலையில் பின்னப்பட்ட மூலக்கூறோ, எங்கும் நகர முடியாது.

உள்ளே நுழைந்த ரெசின் தோலிலுள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. உடலின் காவற்படை இதனை அந்நியப் பொருள் எனக் கண்டு, நிணநீர்க் கணுக்களில் இதற்கென்றே தனிப் பயிற்சி பெற்ற வெள்ளணுக்களை உருவாக்குகிறது. இப்பயிற்சிக்குப் பத்து நாட்களோ, இரண்டு வாரமோ, அதற்கு மேலுமோ ஆகலாம். அதுவரை வெளியே ஒன்றும் தெரியாது. பயிற்சி முடிந்தபின் அதே பொருள் மீண்டும் தோலில் பட்டால் ஓரிரு நாட்களில் சிவப்பும் அரிப்பும் தோன்றும். தோழிக்கு முதலில் பன்னிரண்டு நாளும், இரண்டாம் முறை இரண்டே நாளும் ஆனதன் காரணம் இப்போது விளங்குகிறது அல்லவா?

இந்த ஒவ்வாமையில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. புண் ஆறினாலும் உடலின் நினைவு பெரும்பாலும் ஆயுள் முழுவதும் ஆறுவதில்லை. தரைப்பூச்சு, மின்னணுப் பொருள்கள், காற்றாலை இறக்கைகள், படகுகள் எனப் பல தொழில்களில் எபாக்சி பயன்படுகிறது. பதினைந்து வயதில் விளையாட்டாக வாங்கிக்கொண்ட ஒவ்வாமை, இருபத்தைந்து வயதில் ஒருவருடைய பிழைப்புக்கே குறுக்கே நிற்கக்கூடும்.

தனித்து நிற்கும் மூலக்கூறுகள் எத்தனை?

ஆகவே நம் கேள்வி இப்போது தெளிவாகிறது: பதக்கத்தினுள் கைகோக்காமல் தனித்து நிற்கும் மூலக்கூறுகள் எத்தனை? இதனைக் கணக்கிட்டே பார்க்கலாம்.

தூய ரெசின் 340 கிராமில் இரண்டு பங்கு வளையங்கள் உள்ளன. அதாவது ஒரு பங்கு வளையத்துக்கு 170 கிராம். டிரைஎத்திலீன் டெட்ராமீன் என்ற ஹார்ட்னரை எடுத்துக்கொள்வோம். அதன் மூலக்கூறு எடை 146, கைகள் ஆறு. எனவே ஒரு கைக்கு 24.3 கிராம். 170 கிராம் ரெசினுக்கு 24.3 கிராம் ஹார்ட்னர் என்றால், 100 கிராமுக்கு 14.3 கிராம் வேண்டும். (கடைகளில் கிடைக்கும் ரெசின்களில் பிற பொருள்களும் கலந்திருக்கும், ஹார்ட்னரும் வேறாக இருக்கும். ஆதலால் ஒவ்வொரு தயாரிப்புக்கும் அதன் துண்டுத்தாளில் குறித்த விகிதமே சரியானது.)

ஒருவர் 14.3 கிராமுக்குப் பதில் 10 கிராம் மட்டுமே சேர்த்தார் எனக் கொள்வோம். பத்து வளையங்களில் ஏழுக்கே துணை கிடைக்கும். மூன்று வெறுமனே நிற்கும். ஒரு மூலக்கூறு முற்றிலும் தனித்து நிற்க வேண்டுமானால் அதன் இரு வளையங்களுமே துணையின்றி நிற்க வேண்டும். அதற்கான வாய்ப்பு 3/10 × 3/10, அதாவது 100க்கு 9. ஐந்து கிராம் பதக்கத்தில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் ரெசின் எதனோடும் பிணையாமல் கிடக்கும்!

சரியாக அளந்து கலந்து, 100 வளையங்களில் 97 பிணைந்துவிட்டால் என்ன ஆகும்? வாய்ப்பு 3/100 × 3/100. இதனைப் பெருக்கினால் பத்தாயிரத்துக்கு 9. அதே ஐந்து கிராம் பதக்கத்தில் தனித்து நிற்பது ஏறத்தாழ 4 மில்லிகிராம்தான். துணையற்ற வளையங்கள் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தபோது, தனித்த மூலக்கூறுகள் நூற்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. வருக்கத்தின் வலிமை இது. அந்த 4 மில்லிகிராமும் பெரும்பகுதி இறுகிய வலைக்குள் சிறைப்பட்டிருக்கும். முன்னதிலோ வலை தளர்வாக இருப்பதால், வியர்வையும் தோலின் எண்ணெயும் படப்பட ரெசின் மெல்ல வெளியே கசியும்.

ரெசினுக்குப் பதில் ஹார்ட்னர் மிகுந்தாலும் நன்மை இல்லை. மிஞ்சிய அமீன் மேற்பரப்பில் எண்ணெய்ப் பசை போலப் படியும். அதுவும் தோலை உறுத்தும், ஒவ்வாமையும் தரும். "கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் இறுகும்" என்பது பெருந்தவறு.

இப்போது என் மாணவியின் கதைக்கு வருவோம். தன் பதக்கத்துக்கு அவள் தராசில் நிறுத்துக் கலந்தாள். தோழியின் பதக்கத்துக்குக் கலக்கும்போது ஹார்ட்னர் புட்டி தீரும் நிலையில் இருந்தது. மீதி இருந்ததைக் கவிழ்த்துவிட்டு, "போதும்" என்று கண்ணளவில் முடித்துவிட்டாள். புட்டி ஒன்றுதான், விகிதம் வேறு!

கண்ணளவு மட்டுமா ஏமாற்றும்?

தராசும் ஏமாற்றும், விவரம் அறியாவிட்டால். ஒரு துண்டுத்தாளில் "பருமனில் 2:1" என்று அச்சிட்டிருக்கிறது எனக் கொள்வோம். ரெசினின் அடர்த்தி மி.லி.க்கு 1.15 கிராம், ஹார்ட்னருடையது 0.97 கிராம் என்றால், 2 மி.லி. ரெசின் 2.30 கிராம், 1 மி.லி. ஹார்ட்னர் 0.97 கிராம். எடையில் இது 100:42. விவரம் அறியாமல் தராசில் 2:1 என நிறுத்தால் 100:50 ஆகிவிடும். ஹார்ட்னர் ஏறத்தாழ 19 விழுக்காடு கூடிவிட்டது! ஆகவே பருமனா எடையா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சிறு அளவில் கலப்பதிலும் ஆபத்து உண்டு. ஒரு கிராம் வரை மட்டுமே காட்டும் சமையலறைத் தராசில் 3 கிராம் ஹார்ட்னரை நிறுத்தால், அரை கிராம் பிழை எளிதில் நேரும். அது ஆறில் ஒரு பங்கு. 0.1 கிராம் வரை காட்டும் தராசே தகும். கலக்கும்போது குவளையின் சுவரிலும் அடியிலும் ஒட்டியிருப்பதை வழித்து வழித்துக் கலக்க வேண்டும். பிறகு வேறொரு குவளைக்கு மாற்றி மீண்டும் கலப்பது நல்லது. சரியாக அளந்தும் சரியாகக் கலக்காவிட்டால் பதக்கத்தின் ஒரு மூலை மட்டும் பிசுபிசுப்பாக நின்றுவிடும்.

கெட்டியானால் போதுமா?

"தட்டினால் டிக்டிக் என்கிறது, இன்னும் என்ன?" என்று கேட்கலாம். இங்கேதான் இயற்பியல் வருகிறது.

வளையங்கள் திறக்கும்போது வெப்பம் வெளிப்படுகிறது. ஒரு மோல் வளையத்துக்கு ஏறத்தாழ 100 கிலோஜூல். வெப்பம் வெளியேற வழியில்லை என்றால் மேற்சொன்ன கலவையின் வெப்பநிலை 200 டிகிரி செல்சியசுக்கும் மேல் உயரும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். பெரிய குவளையில் நிறையக் கலந்து வைத்தால் அது கொதித்துப் புகைவது இதனால்தான்.

மெல்லிய பதக்கத்தில் இவ்வாறு ஆவதில்லை. 5 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தில், ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.2 சதுர சென்டிமீட்டர் பரப்பே உண்டு. 3 மி.மீ. தடிப்புள்ள தகட்டிலோ, இரு முகங்களை மட்டும் கணக்கிட்டாலும் 6.7 சதுர சென்டிமீட்டர். வெப்பம் உடனுக்குடன் வெளியேறிவிடுவதால் தகடு குளிர்ந்தே இருக்கும். வினையும் மெல்லவே நடக்கும். எனவே குவளையில் மிஞ்சியது இறுகிவிட்டது என்பதைக் கொண்டு, அச்சிலுள்ள பதக்கமும் முற்றிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. திருவிழாக் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். கூட்டம் குறைவாக இருக்கையில் தொலைந்த தம்பியைத் தேடி நடக்கலாம். நெரிசல் மிகுந்துவிட்டால், அவன் பத்தடி தூரத்தில் நின்றாலும் போய்ச் சேர முடியாது. ரெசினிலும் வலை பின்னப் பின்ன மூலக்கூறுகளின் நடமாட்டம் குறைகிறது. ஒரு கட்டத்தில் பொருள் கண்ணாடி நிலையில் உறைந்துவிடுகிறது. வெளியே கல் போல் கெட்டி; உள்ளேயோ சில வளையங்களும் சில அமீன்களும் ஒன்றையொன்று எட்ட முடியாமல் நிற்கும். இறுகுதல் வேறு, முற்றுதல் வேறு.

இதற்கு மருந்து காலமும் மிதமான வெப்பமும். துண்டுத்தாள் கூறும் முழு முற்றுகாலம் வரை, சிலவற்றில் ஒரு வாரமும் ஆகலாம், பொறுத்திருக்க வேண்டும். துண்டுத்தாள் அனுமதித்தால், குறித்த வெப்பநிலையில் ஆய்வகச் சூடடுப்பில் சில மணி நேரம் வைக்கலாம். சூடேறியதும் மூலக்கூறுகள் மீண்டும் அசைந்து துணையைத் தேடிக்கொள்ளும். உணவு சமைக்கும் அடுப்பை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

ஒன்றை நினைவிற் கொள்க. துணை இருந்தும் எட்ட முடியாத குறையை வெப்பம் தீர்க்கும். துணையே இல்லாத குறையை எந்த வெப்பமும் தீர்க்காது. தோழியின் பதக்கத்தை எத்தனை நாள் வெயிலில் காயவைத்தாலும் பயனில்லை; அதை ஒதுக்குவது ஒன்றே வழி.

ஒளியில் இறுகும் ரெசின்

புறஊதா விளக்கொளியில் சில நிமிடங்களில் இறுகும் ரெசினும் கடைகளில் கிடைக்கிறது. இது அக்ரிலேட் வகை. இதற்கு ஹார்ட்னர் வேண்டியதில்லை. 365 முதல் 405 நானோமீட்டர் வரையிலான அலைநீள ஒளி வினையைத் தொடங்கிவைக்கிறது. விகிதத் தொல்லை இல்லை. ஆனால் ஒளி எட்டாத இடத்தில் வினையும் இல்லை. சாயம் கலந்தாலோ, தடிமனாக ஊற்றினாலோ, அடிப்பகுதி திரவமாகவே நின்றுவிடும். காற்றிலுள்ள ஆக்சிஜன் வினையைத் தடுப்பதால் மேற்பரப்பிலும் பிசுபிசுப்பு நிற்கலாம். மெல்லிய அடுக்குகளாக ஊற்றி, ஒவ்வோர் அடுக்குக்கும் இருபுறமும் ஒளி காட்ட வேண்டும். அக்ரிலேட்டும் ஒவ்வாமை தருவதுதான். நகப்பூச்சு நிலையங்களில் விளக்கொளியில் இறுக்கும் பூச்சுகளால் பலர் இதற்கு ஆளாகியுள்ளனர்.

கொக்கியையும் கவனியுங்கள்

ரெசின் குற்றமற்றதாக இருந்தும் அரிப்பு வரலாம். அரிப்பு வரும் இடமே துப்பு. பதக்கம் படும் இடத்தில் வந்தால் ரெசின் மீது ஐயம். பிடரியில் கொக்கி படும் இடத்திலோ, காது மடலிலோ வந்தால் உலோகத்தின் மீது ஐயம். அங்கே வழக்கமான குற்றவாளி நிக்கல். மலிவான முலாம் பூசிய கொக்கிகளில் வியர்வை பட்டு நிக்கல் அயனிகள் வெளிப்பட்டு, இதே வகை ஒவ்வாமையை உண்டாக்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் இதற்கு வரம்பு விதித்தது. தோலில் நெடுநேரம் படும் பொருளின் ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளிப்படக் கூடாது. காது குத்திய துளையில் இடும் தண்டுகளுக்கு இன்று வரம்பு 0.2 மைக்ரோகிராம். பொருளில் எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்பதை விட, எவ்வளவு வெளியே வருகிறது என்பதே இங்கு அளவுகோல் என்பதைக் கவனியுங்கள். 316 எல் என்ற துருப்பிடிக்காத எஃகில் 10 விழுக்காட்டுக்கு மேல் நிக்கல் உண்டு. ஆயினும் மேலே படிந்த மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம் அதைப் பூட்டி வைக்கிறது. ரெசினில் வலை செய்யும் வேலையை இங்கே படலம் செய்கிறது!

உங்கள் வேதியியல் ஆசிரியரின் துணையோடு இதனைச் சோதிக்கலாம். டைமெத்தில் கிளையாக்சிம் கரைசலையும் நீர்த்த அம்மோனியாவையும் பஞ்சில் சில துளிகள் விட்டுக் கொக்கியில் தேய்த்தால், பஞ்சு இளஞ்சிவப்பாக மாறுவது நிக்கல் வெளிவருவதைக் காட்டும். டைட்டானியம் கொக்கிகளில் இத்தொல்லை இல்லை.

செய்பவருக்கே முதல் ஆபத்து

அணிபவரைப் பற்றியே இதுவரை பேசினோம். திரவ நிலையில் ரெசினைக் கையாள்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். புட்டியிலுள்ள மூலக்கூறுகள் அனைத்துமே தனித்து நிற்பவை அல்லவா? "நச்சற்றது" என்று புட்டியில் கண்டால், அது பெரும்பாலும் முற்றிலும் இறுகிய பொருளைக் குறிப்பதே.

ஆதலால் பெரியவர் துணையின்றி இதில் இறங்க வேண்டாம். நைட்ரைல் கையுறை அணியுங்கள். ரெசின் பட்டதும் மாற்றிவிடுங்கள். கண்ணாடி அணியுங்கள். காற்றோட்டமான இடத்தில், உண்ணும் பாத்திரங்களைத் தவிர்த்து வேலை செய்யுங்கள். தோலில் பட்டால் உடனே சோப்பும் நீரும் இட்டுக் கழுவுங்கள். அசிட்டோன், தின்னர் போன்றவற்றால் துடைக்காதீர்கள். அவை தோலின் எண்ணெயைக் கரைத்து ரெசினுக்கு வழி திறந்துவிடும். முற்றாத நகையைத் தேய்த்து மெருகூட்டினால் பறக்கும் தூளும் தீங்கானது. முற்றியபின், முகமூடி அணிந்து, நீர் விட்டே தேய்க்க வேண்டும்.

அணியுமுன் பாருங்கள்

முற்றுகாலம் முடிந்தபின், கையுறையோடு நகையை எடுத்து விரலால் அழுத்திப் பாருங்கள். ஒட்டக் கூடாது. மறைவான ஓரத்தில் குச்சி முனையால் அழுத்தினால் தடம் விழக் கூடாது. முகர்ந்தால் அமீன் நெடி வரக் கூடாது. ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்தால் பளபளப்புக் குன்றவோ, பிசுபிசுக்கவோ கூடாது. இவற்றுள் ஒன்றில் தோற்றாலும் அந்த நகை கழுத்துக்கு ஆகாது. எல்லாவற்றிலும் வென்றாலும் அது முழுச் சான்று ஆகிவிடாது. அளந்ததும் கலந்ததும் பொறுத்ததும் சரியாக இருந்தால்தான் அந்த வெற்றிக்குப் பொருள் உண்டு.

அணிந்தபின் அரிப்பு வந்தால் கழற்றிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மீண்டும் மீண்டும் அணிந்து சோதிக்க வேண்டாம். ஐயத்துக்குரிய பொருள்களை முதுகில் சிறு ஒட்டுகளாக 48 மணி நேரம் வைத்துச் சோதிக்கும் முறை மருத்துவரிடம் உண்டு.

என் மாணவி இப்போதும் பதக்கங்கள் செய்கிறாள். அவள் மேசையில் ஒரு சிறு குறிப்பேடு இருக்கும். ஒவ்வொரு பதக்கத்துக்கும் நாள், ரெசின் எடை, ஹார்ட்னர் எடை, அறை வெப்பநிலை எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். தோழிக்கு ரெசின் நகை இனி ஒத்துக்கொள்ளுமோ என்ற அச்சத்தால், அவளுக்கு மட்டும் கண்ணாடி மணி கோத்த மாலை ஒன்றைச் செய்து கொடுத்திருக்கிறாள்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. மேற்சொன்ன தூய ரெசின் 60 கிராமுக்கு எவ்வளவு ஹார்ட்னர் வேண்டும்?

2. 100 வளையங்களில் 90 மட்டும் பிணைந்தால், முற்றிலும் தனித்து நிற்கும் ரெசின் மூலக்கூறுகள் நூற்றுக்கு எத்தனை?

3. ஒரே குவளைக் கலவையை ஒரு தடித்த கட்டியாகவும் ஒரு மெல்லிய தகடாகவும் ஊற்றினால் எது முதலில் இறுகும்? ஏன்?

(விடைகள்: 1. ஏறத்தாழ 8.6 கிராம். 2. ஒன்று. 3. கட்டி; வினையின் வெப்பம் அதில் தங்கி வினையை மேலும் விரைவாக்கும்.)